பெரட்டும் புரட்டும்

போன மாதம் ஒரு படிவம் வந்தது. சின்னப் பதிப்பகங்களுக்கு உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றின் விண்ணப்பம், பன்னிரண்டு பக்கம். நானும் இரண்டு சிநேகிதிகளுமாகச் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு நாலைந்து புத்தகம் போடுகிறோம். பதிப்பகம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கே கொஞ்சம் கூச்சம்தான். கந்தோர் என்றால் என் வீட்டு முன்விறாந்தை. களஞ்சியம் என்றால் சாமியறைக்குப் பக்கத்தில் நிற்கிற பழைய அலுமாரி.

முதல் ஏழு பக்கத்தையும் ஒரே இரவில் நிரப்பிவிட்டேன். எட்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். உங்கள் வெளியீடுகளில் பன்மைத்துவத்தை எவ்வாறு உறுதிப்படுத்துகிறீர்கள், 200 சொற்களுக்கு மிகாமல். அதற்குக் கீழே பெட்டிகள்: பெண்கள் எத்தனை பேர், முஸ்லிம்கள் எத்தனை பேர், மலையகத்தவர் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர். சாதிக்குப் பெட்டி இல்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிற படிவத்தில் அந்தப் பெட்டியைப் போட யாருக்குத்தான் துணிவு வரும்?

பன்மைத்துவம் என்பது போர் முடிந்த பிறகு பட்டறைகளோடு வந்த சொல். நல்லிணக்கம், வலுவூட்டல், பன்மைத்துவம் மூன்றும் ஒரே வாகனத்தில் வந்து இறங்கின. சொல்லில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் வருடக்கணக்காகப் புத்தகம் போடுகிற எனக்கு அதை வைத்து ஒரு வசனம் எழுத வரவில்லை. இந்த ஊரில் அந்த வேலையை அந்தச் சொல் இல்லாமலே செய்த டொமினிக் ஜீவா என்று ஒருவர் இருந்தார் என்ற நினைப்பு வந்ததும், படிவத்தை மூடிவிட்டு நூலகம் இணையத்தளத்தைத் திறந்தேன். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் அவர் நடத்திய மல்லிகை சஞ்சிகையின் இதழ்கள் வரிசையாகக் கிடக்கின்றன. நாலு இரவு அதிலேயே போனது.

கஸ்தூரியார் வீதியில் ஒரு காலத்தில் ஜோசப் சலூன் என்று ஒரு முடிதிருத்தும் நிலையம் இருந்தது. டொமினிக் ஜீவாவின் குடும்பத் தொழில் அது. 1927இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. முடிந்தது என்பதைவிட, வகுப்பில் சாதித் தொழிலைச் சொல்லி வாத்தியார் பேசிய பேச்சு அவரை வெளியே தள்ளியது என்று சொல்வதுதான் சரி. பிறகு படித்ததெல்லாம் சலூனுக்கு வந்த பத்திரிகைகளிலும் கட்சிக் கூட்டங்களிலும்தான். தமிழ்நாட்டுக் கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட பற்றால் தன் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் நேரங்களில் கதை எழுதினார். 1960இல் வந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்புக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. ஐந்தாம் வகுப்புக்காரர் ஒருவருக்கு, அதுவும் சலூன்காரருக்கு, அரசாங்கப் பரிசு. பண்டிதர்கள் நிறைந்த ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அந்த நாளில் ‘இழிசனர் வழக்கு’ என்று ஒரு சொல் ஓடித் திரிந்தது. கதைகளில் சனம் கதைக்கிறபடியே கதைக்க வைத்தவர்களைப் பார்த்து மரபுப் பண்டிதர்கள் சொன்ன சொல். இலக்கணப் பிரச்சினை மாதிரித்தான் அதைப் பேசினார்கள். ஆனால் ‘இழிசனர்’ என்று யாரை நினைத்துச் சொன்னார்கள் என்பது சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

1966 ஓகஸ்டில் மல்லிகை முதல் இதழ் வந்தது. அதே வருடம் ஒக்டோபர் 21ஆம் தேதிதான் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் அடித்தது. சாதி காட்டி ஒதுக்குவதைத் தடுக்கிற சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்திருந்தாலும், தேநீர்க்கடை வாசலில் அந்தச் சட்டத்துக்கு மரியாதை இருக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் இன்னும் பெரிய சண்டை. சலூனில் இருந்துகொண்டு ஒருவர் இலக்கியச் சஞ்சிகை நடத்தப் புறப்பட்டது இந்தக் காலத்தில்தான்.

இதன் பாரம் விளங்க யாழ்ப்பாணத்தில் அச்சு யந்திரம் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேணும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன்காரர் அச்சடித்தார்கள். 1841இல் உதயதாரகை பத்திரிகை அங்கிருந்து வந்தது. அவர்களுக்குப் பதில் சொல்ல ஆறுமுக நாவலர் 1850 வாக்கில் வண்ணார்பண்ணையில் தன் யந்திரசாலையை வைத்தார். பழைய நூல்களைப் பிழையில்லாமல் பதிப்பிப்பது என்றால் என்ன என்று தமிழுக்குக் காட்டியவர் அவர். அதை நான் மனம் நிறைந்து சொல்வேன். என் தொழிலுக்கு அவர்தான் பாட்டன். ஆனால் சாதியாசாரத்தை அவர் விட்டுக்கொடுத்தவர் அல்லர். மிஷன்காரரின் அச்சுக்கூடமும் நாவலரின் அச்சுக்கூடமும் எத்தனையோ விஷயத்தில் சண்டை பிடித்தன. கஸ்தூரியார் வீதிச் சலூன் கதிரையில் இருந்து ஒருவர் மூன்றாவதாக அந்தச் சண்டைக்குள் நுழைய நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

எங்கள் வீட்டுக்கும் ஒரு தலைமயிர் வெட்டுகிறவர் வருவார். அப்பப்பாவுக்கும் அப்பாவுக்கும் வெட்ட. கிணற்றடிக்குப் பக்கத்தில், மாமரத்துக்குக் கீழே பலகை போட்டு. முன்வாசலால் அவர் வந்து நான் கண்டதில்லை. வளவின் பின் பக்கத்துப் படலையால்தான் வருவார். வேலை முடிந்ததும் அப்பம்மா தேத்தண்ணி கொடுப்பார். வீட்டுக்கு வருகிற மற்றவர்களுக்கு மூக்குப்பேணி. நன்றாக மினுக்கிய பித்தளை. இவருக்கு மாட்டுக்கொட்டில் வளையில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு தகரப்பேணி. குடித்துவிட்டு அவரே கழுவி அதே வளையில் கவிழ்த்துவிட்டுப் போவார். அவருக்கு அறுபது வயதிருக்கும். ஏழு வயதான நான் “அவன் வந்திட்டான்” என்று உள்ளே ஓடிப்போய்ச் சொல்லுவேன்.

அப்பா தமிழ் வாத்தியார். மல்லிகை தவறாமல் வாங்குவார். வீட்டுக்கு வருகிற கலியாணக் கார்டில்கூட லகர ளகரப் பிழை கண்டால் சிவப்புப் பேனையை எடுத்துவிடுவார். ‘கோயில்’ சரியா ‘கோவில்’ சரியா என்று இரவிரவாக வாதாடுவார். நான் ‘அவன்’ என்று சொன்னதை மட்டும் அவர் ஒரு நாளும் திருத்தவில்லை. மாமரத்தின் கீழே கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இருப்பார். மடியில் மல்லிகை விரிந்திருக்கும். அதில் விழுகிற மயிரை ஊதி ஊதி வாசிப்பார்.

இதை எழுதும்போதும் அப்பா மேல் எனக்குப் பாசம் குறையவில்லை. ஆனால் எதைத் திருத்த வேணும், எதை விடலாம் என்று ஒரு படித்த மனுசனுக்குள் ஓடுகிற கணக்கை நான் முதலில் கண்டது அங்கேதான். அந்தக் கணக்கு பிறகு என் தொழிலுக்குள்ளும் வந்தது.

சரி, மல்லிகைக்கு வருவோம். நாலு இரவு பார்த்ததில் எனக்கு முதலில் பட்டது அட்டைகள். சஞ்சிகை அட்டை என்றால் நடிகை, இல்லையென்றால் இயற்கைக் காட்சி என்றிருந்த காலத்தில் மல்லிகை அட்டையில் மனிதர்களின் முகங்கள். உயிரோடு இருக்கிற, வேலை செய்துகொண்டிருக்கிற எழுத்தாளர்கள், கலைஞர்கள். உள்ளே அவரைப் பற்றி இன்னொருவர் எழுதியிருப்பார். தமிழர், முஸ்லிம், மலையகத்தவர் என்று முகங்கள் மாறிக்கொண்டே போகும். அந்தக் கட்டுரைகள் பின்னர் ‘அட்டைப்பட ஓவியங்கள்’, ‘மல்லிகை முகங்கள்’ என்று ஜீவாவின் மல்லிகைப் பந்தல் பதிப்பக வெளியீடுகளாகவே வந்தன. செத்த பிறகு நினைவுமலர் போடுவதில் நாங்கள் கெட்டிக்காரர். இருக்கும்போதே ஒருவரை அட்டையில் போடுவது வேறு.

இரண்டாவது, ஊர்ச் சிறப்பிதழ்கள். திக்குவல்லைக்கு ஒன்று, நீர்கொழும்புக்கு ஒன்று. திக்குவல்லை எங்கே கிடக்கிறது? தெற்கே, மாத்தறைப் பக்கம், கடலோரம். சுற்றிவரச் சிங்கள ஊர்கள். நடுவில் முஸ்லிம் குடும்பங்கள் பேசுகிற தமிழ், யாழ்ப்பாணத்தான் முதலில் கேட்டால் தமிழா என்று சந்தேகப்படுகிற தமிழ். அங்கிருந்த இளம் எழுத்தாளர்கள் தங்கள் பேச்சிலேயே எழுதினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சஞ்சிகை அதை அப்படியே போட்டது. சிங்களக் கதைகளின் மொழிபெயர்ப்புகளும் தொடர்ந்து வந்தன, அதை ஊரில் பலர் விரும்பாத வருடங்களிலும்.

மூன்றாவது, கால்கள். இதழ் அச்சாகி வந்தால் ஜீவா அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு தானே விற்கப் புறப்படுவார். கூட்டங்களில், கடைகளில், தெருவில். ஆசிரியரும் அவர்தான், விற்பனையாளரும் அவர்தான். சந்தா கேட்பதில் கூச்சம் பார்க்காதவர். வாசகரின் கேள்விகளுக்கு ‘தூண்டில்’ பகுதியில் அவர் எழுதும் பதில்களைப் பார்த்தால், முகத்தைப் பார்த்துக் கதைத்துப் பழகிய ஒருவரின் பதில்கள் என்று தெரியும். நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே வேலை செய்கிற தொழிலிலிருந்து வந்தவர் அல்லவா.

ஜீவாவைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. மல்லிகையில் வந்தது எல்லாம் நல்ல எழுத்து அல்ல. பல இதழ்களில் கவிதைப் பக்கத்தை நான் தாண்டித்தான் போனேன். கட்சி நிலைப்பாடு எழுத்தை நெரித்த இடங்கள் உண்டு. பெண்கள் எழுதினார்கள், ஆனால் அந்த ஆரம்ப வருடங்களில் பொருளடக்கத்தில் அவர்களைத் தேடித்தான் எடுக்க வேணும். ஆரையும் போடுவார், தரம் பார்க்க மாட்டார் என்று அப்பாவின் சிநேகிதர்கள் முறைப்பாடு சொல்லுவார்கள். முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது பழைய இதழ்களில் முதல் கதை எழுதிய பொடியன் ஒருவன் பத்து வருடம் கழித்து என்னவாக வந்தான் என்று பார்க்க முடிகிறது. முதல் கதையிலேயே தரம் பார்த்திருந்தால் சிலர் இரண்டாவது எழுதியிருக்க மாட்டார்கள்.

1992இல் நான் நகரத்தில் ஓர் அச்சகத்தில் புரூவ் பார்க்கச் சேர்ந்தேன். உயர்தரம் எழுதியாகிவிட்டது, பல்கலைக்கழகம் எப்போது திறக்கும் என்று தெரியாது. 1990 நடுப்பகுதியோடு குடாநாட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. யந்திரம் காலால் மிதித்து ஓடியது. பொருளாதாரத் தடையில் வெள்ளைத்தாள் இல்லை. கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்தோம். நீலக் கோட்டுக்கு மேலே கறுப்பு எழுத்து சரியாக உட்கார்ந்தால் எங்களுக்கு ஒரு சந்தோசம். பின்னேரம் ஆனால் போத்தல் விளக்கு.

எழுத்துக் கோர்க்கிற அண்ணை ஒருவர் இருந்தார். முப்பது வருடமாக நின்றே வேலை செய்து ஒரு கால் வீங்கியவர். அவருடைய பெட்டியில் துதிக்கை வைத்த பழைய ‘லை’யும் ‘னை’யும் இருந்தன. ஈய எழுத்துகள் தேய்ந்து, ‘ன்’ எது ‘ள்’ எது என்று விரலால் தடவித்தான் சொல்லுவார். முதல் நாள் எனக்குச் சொன்னது: “பிள்ளை, எழுத்தைப் பார், கருத்தைப் பாராதை. கருத்துக்குள்ள போனியெண்டால் பிழை கண்ணில படாது.” புரூவ் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கதையில் லயித்துவிட்டால் கண் தானே பிழையைச் சரியாக்கி வாசித்துவிடும்.

1995 ஒக்டோபர் 30ஆம் தேதி எல்லோரையும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. எல்லோரும் தென்மராட்சிக்குப் போனோம். அந்த எழுத்துப் பெட்டிகள் என்னவாயின என்று தெரியாது. அந்த இடப்பெயர்வுக்குப் பிறகு மல்லிகையும் கொழும்பில் ஸ்ரீ கதிரேசன் வீதிக்குப் போனது. 2012 வரை அங்கிருந்து வந்தது. 46 வருடம், 400 இதழ்களுக்கு மேல். ஜீவா 2021 ஜனவரி 28 கொழும்பில் காலமானார்.

என் பதிப்பகச் சிநேகிதிகளில் ஒருத்தி சோனகத் தெரு. அவளுக்கும் ஒக்டோபர் 30தான், ஆனால் 1990, யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்ட நாள். எங்களுக்கு ஓர் இரவு கிடைத்தது. அவர்களுக்கு இரண்டு மணித்தியாலம். அவர்களை அனுப்பியது யார் என்பதும் எங்களை அனுப்பியது யார் என்பதும் ஒரே பதில்தான்: புலிகள். ஆனால் எங்கள் இடப்பெயர்வைப் பற்றி எழுதப்பட்ட அளவில் அவர்களுடையது இந்த ஊரில் எழுதப்படவில்லை. போர் முடிந்து புத்தளத்திலிருந்து திரும்பி வந்தவள் அவள். எங்கள் முதல் கூட்டத்தில், உன் வெளியேற்ற அனுபவத்தை எழுது, முதல் புத்தகமாகப் போடுவோம் என்று நான் பெரிய மனசோடு சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

“எப்ப பார்த்தாலும் எங்களிட்ட வெளியேற்றந்தான் கேக்கிறியள். என்ர உம்மான்ர வட்டிலப்பத்தை இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை.”

அதனால் முதலில் சமையல் புத்தகம்தான் போட்டோம். அவளுடைய உம்மா சொல்லச் சொல்ல எழுதியது. எங்கள் வெளியீடுகளில் 300 பிரதியும் விற்றது அது ஒன்றுதான். அதன் நடுவில், நோன்புக் கஞ்சிக்கு அரிசி ஊறப்போடுகிற பக்கத்தில், ஒரு பந்தியில் ‘இந்தச் சட்டி அங்கேயே விட்டது’ என்று ஒரு வரி வருகிறது. அதற்கு மேல் உம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், மலையகத்திலிருந்து ஓர் ஆசிரியை கதைகள் அனுப்பினார். ஹற்றன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எட்டுக் கதை. நல்ல கதைகள். நான்தான் பக்கம் அமைத்தேன், நான்தான் புரூவும் பார்த்தேன். அண்ணையின் பாடப்படி எழுத்தைப் பார்த்தேன். ஒரு கதையில் ‘அம்மா விடியக்காலையில் பெரட்டுக்குப் போனாள்’ என்று இருந்தது. என் கண் ‘பெரட்டு’ என்றால் ‘புரட்டு’தான், தட்டெழுத்துப் பிழை என்று முடிவு கட்டியது. கை தானாகப் போய்த் திருத்தியது. கதையில் ஏழு இடம். ஏழையும் திருத்தினேன். ‘விடியக்காலை’யையும் ‘விடியற்காலை’ ஆக்கினேன், சும்மா இருக்கட்டும் என்று.

அச்சான பாரங்களை, அதாவது பதினாறு பக்கமாக அச்சடித்த தாள்களை, படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பின்னேரம் போன் வந்தது. கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

“அக்கா, எங்கம்மா பெரட்டுக்குத்தாங்க போனாங்க. ஒரு புரட்டும் பண்ணப் போகலைங்க.”

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். பெரட்டுக்களம். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் ஒவ்வொரு நாளும் தொடங்குகிற சொல் அது. இருநூறு வருடமாக இந்தத் தீவின் தோட்டங்களில் உழைக்கிற சனத்தின் சொல் ஒன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாது. தெரியாத சொல்லைக் கண்டதும் இது பிழை என்று நினைத்தேனே தவிர, இது என்ன என்று கேட்கவில்லை. அவருடைய தாயைப் புரட்டுக்காரி ஆக்கிவிட்டேன், அதுவும் மிகுந்த அக்கறையோடு.

அந்தப் பாரத்தை மறுபடி அச்சடித்தோம். பதினாறு பக்கம், 300 பிரதி, என் கைக்காசு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்து நாட்டில் கடதாசியே இல்லாமல் பரீட்சைகள் ஒத்திப்போன நேரத்தில் ஏறிய அச்சுக்கூலி பிறகு முழுதாக இறங்கவே இல்லை. எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் இந்தப் பதிவை வாசிப்பார். பழைய பாரத்துத் தாளை வீசவில்லை. வெட்டிக் குறிப்பெழுத வைத்திருக்கிறேன். மரக்கறி வாங்கும் துண்டின் பின்பக்கத்தில் அந்த அம்மா இன்னும் புரட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

இதற்குப் பிறகுதான் வேர்ணா வில்கின்ஸ் என்ற பெண்ணின் கதை எனக்கு வேறு மாதிரி விளங்கியது. கிரெனடாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். அவருடைய சின்ன மகன் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து தன்னைப் பற்றிய குட்டிப் புத்தகம் ஒன்றோடு வந்தான். அதில் தன் முகத்துக்கு ரோஸ் நிறம் தீட்டியிருந்தான். கறுப்புப் பிள்ளை. தாய் மண்ணிறப் பென்சிலை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்கிறான். புத்தகத்துக்கு என்றால் இந்த நிறம்தான் வேணுமாம். அவன் அதுவரை பார்த்த புத்தகங்கள் அப்படி. அதனால் 1987இல் அவர் தாமரிண்ட் என்று சிறுவர் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். தாமரிண்ட் என்றால் நம்முடைய புளிதான். யாழ்ப்பாணத்தில் யாரும் பதிப்பகத்துக்குப் புளி என்று பெயர் வைப்பார்களா? புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டோம். எழுத ஆள் இல்லாதபோது அவரே பல கதைகளை எழுதினார். கறுப்புப் பிள்ளைகளை அன்றாடக் கதைகளுக்குள் கொண்டுவந்தார்: விளையாடுகிற, பள்ளிக்கூடம் போகிற, குறும்பு செய்கிற பிள்ளைகள். இருபது வருடம் நடத்திய பிறகு அது பெரிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது.

அந்தப் பிள்ளையின் ரோஸ் பென்சிலை நான் கையெழுத்துப் பிரதிகளில் காண்கிறேன். வட்டிலப்பக்காரி முதல் அத்தியாயத்தை ‘எனது தாயார்’ என்று தொடங்கியிருந்தாள். வாழ்நாள் முழுக்க உம்மா என்று கூப்பிட்டவள். ஏன் என்றால், புத்தகம்தானே என்றாள். குருநகரிலிருந்து ஒரு கடற்றொழிலாளி தன் கடல் அனுபவங்களை எழுதிக்கொண்டு வந்தார். நேரில் வாடைக்காற்றையும் சோளகத்தையும் பற்றி அவர் கதைத்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். தாளில் எல்லாமே ‘இயற்கை அன்னையின் சீற்றம்’. மூன்று தடவை திருப்பிக் கொடுத்தேன். நாலாம் தடவை, எழுத வேண்டாம், போனில் பதிந்து அனுப்புங்கோ என்றேன். நாற்பத்திரண்டு குரல்பதிவு வந்திருக்கிறது. இடையிடையே படகு எஞ்சின் சத்தம். அதை எழுத்தாக்குவதுதான் இப்போது என் இரவு வேலை. ஒவ்வொரு சொல்லிலும் நின்று அவருக்குப் போன் எடுக்க வேண்டியிருக்கிறது. முதலில் அலுத்துக்கொண்டார். இப்போது நான் எடுக்காவிட்டால் அவரே எடுக்கிறார்: “பிள்ளை, நேற்று சொன்ன சொல்லை மாத்தேல்லைத்தானே?”

ஜீவாவுக்கு இந்த ரோஸ் பென்சில் பிரச்சினை எப்படி வராமல் போனது என்று யோசிக்கிறேன். அவருக்கும் வந்திருக்கும். ஆனால் பண்டிதத் தமிழால் வெளியே தள்ளப்பட்டவர் ஒருவரிடம் கதையைக் கொடுக்கும்போது, கொடுப்பவருக்குப் பண்டிதத் தமிழ் எழுத வேணும் என்ற பயம் பாதி குறைந்திருக்கும். என்னைப் போல வாத்தியார் வீட்டுப் பிள்ளை எத்தனை சிரிப்போடு விறாந்தையில் கதிரை இழுத்துப் போட்டாலும், வருகிறவர் தன் தமிழைக் கழுவிக்கொண்டுதான் வருகிறார். அது என் பிழை மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கதிரையின் பிழை.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புரூவை முதலில் எழுதியவர் பார்ப்பார். பிறகு நான் பார்ப்பேன். நான் மாற்ற நினைப்பதைப் பென்சிலால் சுற்றி வட்டம் மட்டும் போடுவேன், எழுத மாட்டேன். பிறகு எழுதியவர் திரும்பப் பார்ப்பார். இதனால் ஒவ்வொரு புத்தகமும் இரண்டு மாதம் பிந்துகிறது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்துவிட்டுப் புத்தகம் வராமல் ஒரு தடவை மானம் போனது. சிறப்புப் பிரதி வாங்க வந்த கடை முதலாளிகள் கவரைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வடையும் தேத்தண்ணியுமாகத் திரும்பிப் போனார்கள். அந்தக் கவர்கள்தான் சின்னப் பதிப்பகத்தின் பாதி வருமானம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எட்டாம் பக்கத்துக்குக் கடைசியில் நாலு வரிதான் எழுதினேன். புரூவ் யார் பார்ப்பார், எந்த ஒழுங்கில் பார்ப்பார், திருத்தத்துக்கு யார் கையொப்பம் இடுவார் என்று. கீழே இருந்த பெட்டிகளை நிரப்பாமல் அனுப்பிவிட்டேன். சிநேகிதிகள் இரண்டு பேரும் திட்டினார்கள். சோனகத் தெருக்காரி, முஸ்லிம்கள் என்ற பெட்டியில் ஒன்று என்றாவது போட்டிருக்கலாமே, நான் என்ன தூசா என்றாள். அது நியாயம்தான்.

நேற்று பதில் வந்தது. விண்ணப்பம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் எண்ணிக்கை வேணுமாம், வெள்ளிக்கிழமைக்கு முன். இன்று புதன். மேசையில் குருநகர்க்காரரின் இரண்டாவது பாரம் கிடக்கிறது; அதில் ஒன்பது வட்டம் போட்டிருக்கிறேன். அவர் கடலால் வர விடிந்துவிடும்.